நான்காம் பிளாட்பாரத்தில் இல்லாத தீ

பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக வேலை பார்க்கும் நான், உதவி ஆய்வாளர் அய்யா கேட்டதன் பேரில், பெண் காவலர் ஒருவர் பக்கத்தில் இருக்க, யாரும் மிரட்டாமலும் யாரும் சொல்லிக்கொடுக்காமலும் கொடுக்கும் வாக்குமூலம் இது. என் அடையாள அட்டையில் உள்ள பெயரை அய்யா தனியாகக் குறித்துக்கொண்டார். அந்தப் பெயரைச் சொன்னால் நிலையத்தில் ஒருவருக்கும் தெரியாது. மைக்கக்கா என்றால்தான் தெரியும். வயது நாற்பத்தொன்பது. நிலையத்தின் பின்வாசலுக்கு எதிரே, டயர் கடைக்கு மேலே உள்ள மாடி வீட்டில் கணவருடன் குடியிருக்கிறேன். கணவர் பூட்டு ரிப்பேர் செய்கிறார். நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், எண்கள் நன்றாகத் தெரியும், கையெழுத்துப் போடுவேன். இதற்கு முன் என் மேல் வழக்கு எதுவும் இல்லை. புகார் உண்டு, வாய் அதிகம் என்ற புகார். அது சட்டத்தில் வராது என்று அய்யா சொன்னதால் மேற்கொண்டு சொல்கிறேன்.

நான் முதலில் இதே நிலையத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அன்று கூட்டமோ கூட்டம். வாளியோடு நின்ற என்னைப் பார்த்து அப்போதிருந்த மேலாளர், "உனக்குத்தான் ஊருக்கே கேக்கிற தொண்டை இருக்கே, நீ போய்ப் பேசு" என்றார். அதன் பிறகு நான் வாளியைத் தொடவில்லை. அறிவிப்பு அறை மாடியில் இருக்கிறது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் ஒலிபெருக்கிப் பெட்டி, முன்னால் பெரிய கண்ணாடி ஜன்னல். ஜன்னல் பக்கம் நின்றால் எல்லாப் பிளாட்பாரமும் தெரியும். எந்த ஓட்டுநர் பல் குத்துகிறார், எந்த நடத்துநர் போனில் மனைவியிடம் பொய் சொல்கிறார் என்பது வரை தெரியும்.

எங்கள் நிலையத்தில் ஒரு பழக்கம் உண்டு. எதைச் சொன்னாலும் பிளாட்பாரம் எண்ணைத்தான் முதலில் சொல்ல வேண்டும். "ஆறு, வண்டியைப் பின்னால எடு", "ரெண்டு, கதவைச் சாத்து" என்றுதான் பேசுவோம். அந்த இரைச்சலில் தன் எண் காதில் விழுந்தால்தான் ஓட்டுநர் நிமிர்ந்து பார்ப்பார். சேதியை முதலில் சொல்லி எண்ணைக் கடைசியில் சொன்னால், எண் வந்து சேர்வதற்குள் அவர் விட்ட கதையைத் தொடர்ந்திருப்பார். மேலாளர் முதல் கழிவறை கழுவுகிறவர் வரை எல்லோருக்கும் இந்தப் பழக்கம் ஊறிப்போய்விட்டது. என் கணவரிடம்கூட நான் "மாடி, மோட்டாரை நிறுத்துங்க" என்றுதான் கத்துவேன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறாய் என்று அய்யா கேட்டார். வழக்கே இதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்.

நான்காம் பிளாட்பாரத்தில் வண்டி நிறுத்தும் ஓட்டுநர், என் கூடப் பிறந்த தங்கையின் கணவர். அவர்தான் இந்த வழக்கில் புகார் கொடுத்தவர். நிலையத்தில் அவருக்கு நிதானம் என்று பெயர். சைக்கிளில் போகிறவர் அவர் வண்டியை முந்திவிட்டு, திரும்பிப் பார்த்து, பாவப்பட்டு, நின்று கூட்டிக்கொண்டு போவார். மதியம் சாப்பிட்டதும் ஓட்டுநர் இருக்கையிலேயே காலை நீட்டி, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவார். மைக் இருந்த காலத்தில் நான் அவரைத் தினமும் கிண்டல் செய்தது உண்மை. "நாலாம் பிளாட்பாரம், ஓட்டுநர் அசந்து தூங்கறார், பயணிகள் சத்தமில்லாம ஏறுங்க, எழுப்பிவிட்டா வண்டியை எடுத்துடுவார்" என்று சொல்லியிருக்கிறேன். பயணிகள் சிரிப்பார்கள். அவரும் துண்டுக்கு அடியில் சிரிப்பார். வயிறு குலுங்குவது மாடியில் இருந்தே தெரியும். ஒரு நாள் விட்டுவிட்டால், சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "என்ன பெரியக்கா, இன்னைக்கு என்னைக் கண்டுக்கவே இல்லை, உடம்பு சரியில்லையா?" என்று அவரே கேட்பார்.

சில மாதங்களுக்கு முன் இப்போதைய மேலாளர் வந்தார். மைக்கில் சொந்தப் பேச்சு அதிகமாக இருக்கிறது என்று சொல்லி மைக்கையே கழற்றச் சொன்னார். பதிவு செய்த குரல் போதும், கம்ப்யூட்டரில் இருந்து போடலாம் என்றார். அதன் பிறகு கம்ப்யூட்டர்காரத் தம்பி ஒருவர் வந்தார். நல்ல பிள்ளைதான், ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார், என்ன கேட்டாலும் திரைக்குத்தான் பதில் சொல்வார். அவர் என்னை உட்கார வைத்து, எண்களைத் தனியாகவும் அறிவிப்புகளைத் தனியாகவும் என் குரலில் பதிவு செய்தார். இரண்டையும் கம்ப்யூட்டர் ஒட்டிக்கொள்ளுமாம். தீ அறிவிப்பை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். "அக்கா, தீப்பிடிச்ச மாதிரி இல்ல, உங்க பையனுக்கு வேலை கெடச்ச மாதிரி இருக்கு" என்றார். அதன் பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டு, என் காலில் எலி ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டு, "தீ! தீ! எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடுங்கள்!" என்று கத்தினேன். கீழே இருந்த காவலாளி படியேறி ஓடி வந்துவிட்டார். இது போதும் என்றார் தம்பி. அந்த எலிக்குப் பயந்த குரல்தான் சம்பவ நாளன்று எல்லோரும் கேட்டது.

அதன் பிறகு தம்பி ஒரு கறுப்புத் திரையைத் திறந்து காட்டினார். அதில் படம் கிடையாது, அமுக்குவதற்குப் பொத்தான் கிடையாது, மினுக்கிக்கொண்டு ஒரு கட்டம் மட்டும் இருந்தது. நாம்தான் கட்டளையை எழுத வேண்டும். எனக்கு இங்கிலீஷ் வராது என்பதால் எல்லாவற்றையும் தமிழிலேயே வைத்துக் கொடுத்தார். அதற்கு அவருக்கு நன்றி சொல்லியாக வேண்டும். கட்டளையின் பெயர் கூவு. கூவு என்று அடித்து, பிளாட்பாரம் எண்ணை அடித்து, எந்த அறிவிப்பு என்று அடித்துத் தட்டினால் வெளியே என் குரல் கேட்கும். கூடவே சில வார்த்தைகளுக்கு முன்னால் இரண்டு குட்டிக்கோடு போட்டு எழுதலாம். கோடு போட்டு மெதுவாக என்று எழுதினால் சத்தம் குறையும். கோடு போட்டு தடவை என்று எழுதிப் பக்கத்தில் ஓர் எண் கொடுத்தால் அத்தனை தடவை சொல்லும். கோடு போட்டு நிறுத்து என்றால் நிற்கும். கோடு போட்டு ஒத்திகை என்றால் வெளியே போகாமல் என் அறையில் இருக்கும் சின்ன ஒலிபெருக்கியில் மட்டும் கேட்கும். சொல்லக் கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதும் நன்றாகத்தான் இருக்கும்.

அந்த வாரமே தொல்லை ஆரம்பித்தது. ஏழாம் பிளாட்பாரத்தில் பெரியவர் ஒருவர் கைத்தடியை விட்டுவிட்டுப் போனார். நான் கைத்தடி அறிவிப்பைப் பதிவு செய்து, கூவு, கோடு தடவை, ஏழு, கைத்தடி என்று அடித்தேன். எத்தனை தடவை என்ற எண்ணைப் போட மறந்துவிட்டேன். கூவு என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற பிளாட்பாரம் எண்ணை எடுத்து விழுங்கி, அதுதான் தடவை என்று வைத்துக்கொண்டது. பிளாட்பாரம் எண் இல்லாமல் போனதால், எல்லாப் பிளாட்பாரத்துக்கும் என்று அதுவே முடிவு செய்தது. நிலையம் முழுக்க, ஏழு தடவை, பெரியவரே உங்கள் கைத்தடி எங்களிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். நாலாவது தடவையிலேயே பெரியவர் மூச்சு வாங்க மாடிக்கு வந்துவிட்டார். "கெடச்சுடுச்சும்மா, நிறுத்தும்மா, சம்பந்தி வேற கூட வந்திருக்காரு" என்று கும்பிட்டார். மிச்சம் மூன்று தடவையையும் அவரும் நானும் உட்கார்ந்து கேட்டோம்.

தம்பியைக் கூப்பிட்டு இது என்ன கூத்து என்று கேட்டேன். "அக்கா, தடவைக்கு அப்புறம் அது ஒரு எண்ணை எதிர்பார்க்குது. நீங்க கொடுத்ததும் எண்தானே?" என்றார். அது பிளாட்பாரத்தின் எண்ணப்பா என்றேன். "அதுக்கு எண்ணுன்னா எண்ணுதாங்க்கா." உங்க அப்பா வயசையும் உங்க வீட்டு நம்பரையும்கூட அது ஒண்ணாத்தான் எடுத்துக்குமா என்று கேட்டேன். ஆமாம் என்றார். சிரிக்காமல் சொன்னார்.

அடுத்தது, இரண்டாம் பிளாட்பாரத்துக்கு நேர் எதிரே தாய்மார்கள் அறை இருப்பதால், அங்கே சத்தத்தைக் குறைத்துச் சொல்ல நினைத்தேன். எங்கள் பழக்கப்படி எண்ணை முதலில் போட்டு, கூவு, இரண்டு, புறப்பாடு, கோடு மெதுவாக என்று அடித்தேன். முழுச் சத்தத்தில் போயிற்று. தூங்கிய குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து அழுதன. ஒரு தாய் கீழே நின்று என் ஜன்னலைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத வேண்டாம். மறுபடியும் தம்பியைக் கூப்பிட்டேன். கோடு போட்ட வார்த்தை எல்லாம் எண்ணுக்கு முன்னால்தான் வர வேண்டும், எண்ணைப் பார்த்ததும் கூவு காதை மூடிக்கொள்ளும், அதன் பிறகு வரும் கோடுகளைக் கண்டுகொள்ளாது என்றார். அப்படியானால் கண்டுகொள்ளவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லலாமே, ஏன் சரி என்று சொல்கிறது என்று கேட்டேன். சரியாக அடித்தாலும் சரி என்கிறது, தப்பாக அடித்தாலும் சரி என்கிறது. என் வீட்டுக்காரரும் இப்படித்தான், ஆனால் அவர் கையில் ஒலிபெருக்கி இல்லை என்றேன். "அடுத்த வெர்ஷன்ல பாக்கலாங்க்கா" என்றார். மேலாளரும் அப்போது அறையில் இருந்தார். "பழகிக்கோம்மா, எல்லாம் பழக்கம்தான்" என்றார். அவர் வாயால் சொன்ன உண்மை அது ஒன்று.

நான் பழகிக்கொள்ளத்தான் பார்த்தேன். ஆற அமர அடித்தால் கோட்டை முன்னால் போட்டுவிடுவேன். யாராவது பின்னால் நின்று அவசரப்படுத்தினால் கை தானாக எண்ணுக்குப் போய்விடும்.

சம்பவ நாளன்று மதியம், தீயணைப்புத் துறையிலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று மேலாளர் பதறியடித்துக்கொண்டு மாடிக்கு வந்தார். தீ அறிவிப்பு வேலை செய்கிறதா என்று வெளியே தெரியாமல் கேட்டுப் பார்த்துவிட வேண்டும் என்றார். அதன் பிறகு என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, என் உச்சந்தலையில் மூச்சு விட்டுக்கொண்டு, "நாலு, தீ, ஒத்திகை. சீக்கிரம்மா, சீக்கிரம்" என்றார். அவர் சொன்ன வரிசையிலேயே என் கை போயிற்று. கூவு, நாலு, தீ, கோடு ஒத்திகை. தட்டினேன். சரி என்று வந்தது. அறையில் இருந்த சின்ன ஒலிபெருக்கியில் ஒரு சத்தமும் இல்லை. "என்ன, வேலை செய்யலியா?" என்று மேலாளர் கேட்டார். அவர் கேட்டு வாயை மூடுவதற்குள், கண்ணாடிக்கு வெளியே என் குரல் கத்தியது.

நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். நான்காம் பிளாட்பாரத்தில் நின்றவர்கள் முதலில் மேலே பார்த்தார்கள், அதன் பிறகு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள், அதன் பிறகு ஓடினார்கள். அவர்களைப் பார்த்து ஐந்தாம் பிளாட்பாரம் ஓடியது. ஐந்தைப் பார்த்து ஆறு ஓடியது. பழக்கூடை ஒன்று கவிழ்ந்து உருண்டது. ஒருவர் தன் பெட்டியை விட்டுவிட்டு வேறு யாருடைய பெட்டியையோ தூக்கிக்கொண்டு ஓடினார். மேலாளர் என் தோளைப் பிடித்து உலுக்கி, "நாலு! நிறுத்து! நாலு, நிறுத்து!" என்று கத்தினார். நானும் திரும்பி வந்து கூவு, நாலு, கோடு நிறுத்து என்று அடித்தேன். சரி என்று வந்தது. அது நாலைப் பார்த்ததும் காதை மூடிக்கொண்டது. வெறும் எண்ணை மட்டும் கொடுத்தால் கடைசியாகச் சொன்ன அறிவிப்பைத் திரும்பச் சொல்லும்படி தம்பி வசதி செய்து வைத்திருந்தார். புறப்படும் வண்டிகளுக்கு அது ஒத்தாசை என்று நானே அவரைப் பாராட்டியிருக்கிறேன். அதனால் மறுபடியும் தீ, தீ, ஓடுங்கள். நான் அவசரத்தில் அதையே இன்னொரு தடவை அடித்துவிட்டேன். சரி என்றது. நிறுத்தச் சொல்லச் சொல்ல அது சேர்த்துக்கொண்டே போயிற்று.

அதன் பிறகுதான் எனக்கு நினைவு வந்து, கோட்டை முன்னால் போட்டு, கூவு, கோடு நிறுத்து, நாலு என்று அடித்தேன். நின்றது. நான் மூச்சு விடுவதற்குள் மறுபடி ஆரம்பித்தது. ஓடிக்கொண்டிருந்த ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டு, வரிசையில் காத்திருந்ததை எடுத்து அது சொல்லத் தொடங்கியிருந்தது. அதன் பிறகு நான் கம்ப்யூட்டரோடு பேசுவதை விட்டுவிட்டேன். நாற்காலியில் ஏறி ஒலிபெருக்கிப் பெட்டியின் ஒயரைச் சுவரோடு பிடுங்கினேன். சுவரில் இருந்து கொஞ்சம் காரையும் வந்தது. அந்தக் காரைக்கும் மேலாளர் என் மேல் புகார் எழுதியிருக்கிறார்.

நிதானம் தன் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தவர், என் குரல் முதலில் கேட்டபோது கிண்டல் என்று நினைத்துத் துண்டை விலக்கவே இல்லையாம். இரண்டாவதாகக் கேட்டபோது பயணிகள் அலறலும் சேர்ந்து கேட்டதால் எழுந்து பார்த்திருக்கிறார். ஓட்டுநர் பக்கக் கதவு எப்போதும் போல் இறுகிக்கொண்டது. அதனால் ஜன்னல் வழியாகக் குதித்தார். இடது கையை ஊன்றி விழுந்ததில் முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்தது. நான் ஒயரைப் பிடுங்கிவிட்டு இறங்கி ஓடியபோது, அவர் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். துண்டு தலையில் கிடந்தது. தீ இல்லை என்று தெரிந்து திரும்பிய பயணிகள் அவரைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில் நான் செய்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். கையைப் பார்ப்பதற்கு முன், ஆள் உயிரோடு உட்கார்ந்திருக்கிறாரே என்ற நிம்மதியில், "என்ன மாப்பிள்ளை, இன்னைக்குத்தான் நேரத்துக்குக் கெளம்பினீங்க" என்று வாய் சொல்லிவிட்டது. அதன் பிறகுதான் கை மடங்கியிருந்த விதத்தைப் பார்த்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் நான் சொந்தக்காரியாக இல்லை.

நான் அப்படிச் சொன்னதைக் கேட்டதாக அய்யா விசாரித்த எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். சொன்னேன். அதில் மாற்றுப் பேச்சு இல்லை.

அன்று சாயங்காலம் மருத்துவமனை வராந்தாவில் என் தங்கை, "உன் வாய்க்குத் தீனி போட எங்க வீட்டுக்காரர் கைதான் கெடச்சுதா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் என்னோடு பேசவில்லை. அந்தக் கையால் இனி வண்டி ஓட்ட முடியுமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. மறுநாள் நிதானம், நான் மைக் போன ஆத்திரத்தில் தன்னை வைத்து வேண்டுமென்றே விளையாடினேன் என்று புகார் கொடுத்தார். மேலாளரும் அப்படியே எழுதிக் கொடுத்தார்.

யார் யார் என்ன சொன்னார்கள் என்று அய்யா எனக்கு எடுத்துச் சொன்னார். ஒத்திகை என்று தெளிவாகச் சொன்னேன் என்கிறார் மேலாளர். உண்மை, சொன்னார். அடித்ததைத்தான் கூவு செய்தது, அதில் பிழை எதுவும் இல்லை என்கிறார் தம்பி. உண்மை, அடித்ததைத்தான் செய்தது. அது பெரியக்கா குரல்தான், எனக்குத் தெரியாதா என்கிறார் நிதானம். உண்மை, என் குரல்தான். எல்லோரும் உண்மையே பேசுகிறார்கள் அய்யா, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருவராவது பொய் சொன்னால் நான் சண்டை போடுவேன். ஒத்திகை என்று நானும்தான் எழுதினேன். அது திரையிலேயே இருந்தது, நாலுக்குப் பின்னால், இரண்டு கோடும் போட்டு, எழுத்துப் பிழைகூட இல்லாமல். தம்பியும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "எழுதியிருக்கு, ஆனா எழுதாத மாதிரிதான் கணக்கு" என்றார்.

வேண்டுமென்றே செய்தாயா இல்லையா என்பதுதான் வழக்கு, அதற்குச் சாட்சி வேண்டும் என்று அய்யா சொன்னார். மனசுக்குள் இருந்ததற்கு யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது என்று கேட்டேன். மனசுக்குள் கோடு போட்டு ஒத்திகை என்று எழுதியிருந்தேன் என்றேன். இது விளையாடுகிற இடம் இல்லை என்றார். நான் விளையாடவில்லை. எனக்கு வருகிற பேச்சு இதுதான், அழுகிறபோதும் இப்படித்தான் வரும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தேன். என்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, டிக்கெட் பிரிவில் இருந்து ஒருவரை என் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஒயரை மறுபடி மாட்டிவிட்டார்கள். கூவு அப்படியேதான் இருக்கிறது. என்னை என்ன செய்தாலும் செய்யுங்கள், முதலில் அந்த மனிதருக்கு ஒரு போன் போட்டு

(இந்த இடத்தில் புகார்தாரர் தம் மனைவியுடன் காவல் நிலையத்துக்கு வந்ததால் எழுதுவது நிறுத்தப்பட்டு, அவர் பேசி முடித்த பின் தொடரப்பட்டது. கேட்டுக்கொண்டபடி பேருந்து நிலையத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லப்பட்டது.)

நிதானம் கையில் மாவுக்கட்டும் கழுத்தில் தூளியுமாக வந்து, எனக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். தங்கை அவருக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அய்யாவிடம், மருத்துவமனையில் படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்ததில் ஒரு விஷயம் இடிக்கிறது, அதை நேரில் கேட்டுவிட்டுப் போகிறேன் என்றார். அய்யா அனுமதி கொடுத்தார். அதன் பிறகு என்னைப் பார்த்தார்.

"பெரியக்கா, சத்தியமா ஒண்ணு சொல்லுங்க. தீயை வச்சு என்னைக் கிண்டல் பண்ணணும்னு நெனச்சிருந்தா, என்ன சொல்லியிருப்பீங்க?"

நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். "நாலாம் பிளாட்பாரத்துல தீப்பிடிச்சிருக்கு. அவசரம் இல்லாதவங்க மட்டும் நம்ம மாப்பிள்ளை வண்டியில ஏறித் தப்பிச்சுக்கங்க" என்றேன்.

அவர் வயிறு குலுங்கியது. அதன் பிறகு கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, கை, கை, சிரிக்க வைக்காதீங்க" என்று முன்னால் குனிந்துவிட்டார். பெண் காவலர் எழுந்து தண்ணீர் எடுத்து வருவதாக வெளியே போனார். தண்ணீர் மேசையிலேயே இருந்தது. அய்யா எழுதிக்கொண்டிருந்த தாளைத் திருப்பி வைத்துவிட்டுக் கீழே விழாத பேனாவைக் குனிந்து தேடினார்.

நிதானம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுதிக்கங்க சார். இதான் இவங்க. அன்னைக்குக் கேட்டது இவங்க குரல், ஆனா இவங்க பேச்சு இல்ல. இவங்க என்னைக் கிண்டல் பண்ணினா நான் வெக்கப்படுவேன், குதிக்க மாட்டேன்" என்றார். அதைத் தனியாக எழுதிக் கையெழுத்துப் போடத் தயாரா என்று அய்யா கேட்டார். தயார் என்றார். "ஆனா என் கை சார்? அதுக்கு யாரு பதில் சொல்றது? அந்தக் கம்ப்யூட்டரைக் கேட்டா அதுவும் சரின்னுதான் சொல்லும்" என்றார். அய்யா மேலாளரையும் தம்பியையும் நாளைக் காலை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

நான் எழுந்து போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன். அன்றைக்குக் கீழே வந்ததும் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. தங்கைதான் சுவரை விட்டுத் திரும்பி, "கட்டுக்குள்ள அரிக்குதுன்னு ராத்திரி பகலா பென்சிலை வச்சுச் சொறிஞ்சுவிட்டுக்கிட்டு இருக்கேன். எனக்கும் கை ரெண்டுதான். எழுதி முடிச்சா நேரா வீட்டுக்கு வந்து சேரு" என்றாள். அதைப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று அய்யாவைக் கேட்டேன். எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

இதுவரை எழுதியதைப் பெண் காவலர் வரி விடாமல் வாசித்துக் காட்டக் கேட்டேன். இரண்டு இடத்தில் நான் சொன்ன வார்த்தையைவிட அய்யா நல்ல வார்த்தை போட்டிருக்கிறார், ஆட்சேபம் இல்லை. நான்காம் பிளாட்பாரத்தில் தீ என்ற அறிவிப்பு வெளியே போனது என் கையால்தான். போக வேண்டும் என்று நினைத்து நான் அதைச் செய்யவில்லை. இது எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டு, என் கையாலேயே கையெழுத்துப் போடுகிறேன்.

(கையெழுத்து)
அறிவிப்பாளர், பேருந்து நிலையம்

மேற்கண்டவர் சொல்லச் சொல்ல என்னால் எழுதப்பட்டு, வாசித்துக் காட்டப்பட்டு, சரி என்று அவர் ஏற்றுக்கொண்டது.

(கையெழுத்து)
உதவி ஆய்வாளர்